கணுக்காலைப் பிடித்தவளுக்கு

பம்மல்
10 ஜூன் 2024

யூனிஸ்,

உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் உன்னோடு ஒரே டீமில் கபடி ஆடிய அதே மெஹ்னாஸ்தான்.

உன் ஹூப்ளி விலாசத்தை நம் டீம் தீபாவிடம் வாங்கினேன். அவள் இப்போது பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறாள். உன் போன் நம்பரையும் கொடுத்துவிட்டு, "இன்னாத்துக்குடி லெட்டரு? ஒரு போனப் போட்டு நல்லா திட்டிட்டு வெச்சிடேன்" என்றாள். போன் போட்டால் உன் குரல் கேட்கும். கேட்டதும் வைத்துவிடுவேன். எனக்கு உன்னிடம் ஒரு பதில் வேண்டியிருக்கிறது, அதனால் கடிதம்.

விஷயம் என் இடது முட்டி. 2010 ஆகஸ்ட், ரயில்வே செலக்‌ஷன். ஒரே டீமாக இருந்த நம்மை இரண்டு பக்கமாகப் பிரித்து ஆடவிட்டார்கள். நான் பாடிப் போனேன். நீ எதிர்ப்பக்கம் கார்னரில் நின்றாய், என் கணுக்காலைப் பிடித்தாய். நீ ரயில்வே வேலைக்குப் போனாய், நான் ஆட்டோவில் படுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நாட்டு வைத்தியர் முட்டை வெள்ளைக்கருவைத் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மூன்று வாரத்தில் வலி நின்றுவிட்டது. வலி நின்றால் குணமாகிவிட்டது என்றுதானே நம் வீடுகளில் கணக்கு. வலியோடு கூடவே காலின் பலமும் போனது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

நடக்கும்போது திடீரென்று முட்டி விட்டுப்போகும். அடுத்த அடி எடுத்து வைப்பதற்குள் கீழே கிடப்பேன். கல்யாண மண்டபத்தில் விழுந்திருக்கிறேன், ரேஷன் கடை வரிசையில் விழுந்திருக்கிறேன். போன மாதம் எங்கள் தோல் பட்டறை மாடிப்படியில் தோல் கட்டோடு விழுந்ததில் தாடை கிழிந்து நாலு தையல். ஸ்கேன் எடுத்தார்கள். முட்டிக்குள்ளே எலும்புகளைப் பிடித்துக் கட்டியிருக்கும் நார் எப்போதோ அறுந்துபோயிருக்கிறதாம். டாக்டர் ஆறு மாதம் கொடுத்திருக்கிறார். பயிற்சி செய்து பார்க்க வேண்டும். அதற்குள் இன்னொரு தடவை விட்டுப்போனால் ஆபரேஷன்.

கத்திக்கு எனக்குப் பயமில்லை. ஆனால் பதினான்கு வருஷமாக நான் என் காலை நம்பியதில்லை யூனிஸ். சாவதற்குள் அதை நம்பி நடக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

பயிற்சி கொடுக்கும் பெண் பெயர் ஆஷா. கால் அன்று எந்தப் பக்கம் திரும்பியது என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம். அந்த நிலையில்தான் போகப்போக முட்டியைப் பழக்க வேண்டுமாம். எனக்குக் கீழே விரித்திருந்த ரப்பர் மேட்டின் பச்சை நிறம் தவிர எதுவும் நினைவில்லை என்றேன். "விழுந்தவங்களுக்குத் தெரியாதுக்கா. பிடிச்சவங்களக் கேட்டுப் பாருங்க" என்றாள்.

எந்தப் பக்கம்? இரண்டு வரி எழுதினால் போதும்.

மெஹ்னாஸ்

---

ஹூப்ளி
24 ஜூன் 2024

மெஹ்னாஸ்,

உன் கடிதம் 15ஆம் தேதி வந்தது. இது ஐந்தாவது தாள். முதல் நாலையும் கிழித்துவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில்: முட்டி உள்பக்கமாக விழுந்தது. பாதம் வெளிப்பக்கம் பார்த்தபடி அப்படியே நின்றது. உடம்பு நடுக்கோட்டை நோக்கித் திரும்பியது. ஆஷாவிடம் இதை இப்படியே சொல்.

இதற்குக் காரணமும் சொல்கிறேன். நாம் மண்ணில் வெறுங்காலோடு ஆடியவர்கள். மண்ணில் யாராவது பிடித்தால் பாதம் வழுக்கும், அது வழுக்குவதால் முட்டி தப்பிக்கும். அன்றுதான் முதல் தடவை மேட்டில் ஷூ போட்டு ஆடினோம். ஷூ மேட்டைக் கவ்விக்கொண்டது. பாதம் நகரவில்லை. நகர வேண்டியதையெல்லாம் உன் முட்டி நகர்ந்து தீர்த்தது.

இரண்டு வரியில் முடிக்கச் சொன்னாய். என்னால் முடியவில்லை. இன்னும் ஒன்று இருக்கிறது, அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சர்ச்சில் முழங்காலிட்டுச் சொல்லப் பார்த்தும் வாய் வரவில்லை.

உன் முட்டிக்குள் அறுந்தது எனக்கு அப்போதே தெரியும். 'டக்' என்று ஒன்று என் உள்ளங்கைக்கு வந்தது. காதுக்குக் கேட்கவில்லை, கைக்குத்தான் கேட்டது. ஏதோ போய்விட்டது என்று புரிந்தது. ஆனாலும் நான் விடவில்லை. ஏனென்றால் நீ பாட்டை விடவில்லை. கபடி கபடி கபடி என்று உன் குரல் ஒரு பிசிறுகூட இல்லாமல் வந்துகொண்டே இருந்தது. பாட்டு நிற்கும்வரை பிடியை விடக் கூடாது என்றுதானே நமக்குப் பழக்கம்? மூன்று விநாடி இருக்கும். விசில் அடித்த பிறகுதான் விட்டேன்.

பிடித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பிடிப்பது ஆட்டம். அந்த மூன்று விநாடிக்குக் கேட்கிறேன்.

அடுத்த வாரம் ரொட்டியும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். நீ தூங்குவதாக உன் அம்மா சொன்னார்கள். ஜன்னலில் திரை அசைந்தது. தெருமுனை வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

யூனிஸ்

---

பம்மல்
3 ஜூலை 2024

யூனிஸ்,

உள்பக்கம் என்று ஆஷாவிடம் சொல்லிவிட்டேன். குறித்துக்கொண்டாள்.

கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் 'ஆனாலும் நான் விடவில்லை' என்ற இடத்தில் தாளை மடித்து வைத்துவிட்டேன். தெரியாமல் நடந்தது என்று நினைத்துத்தான் இத்தனை வருஷம் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். தெரிந்தே நடந்திருக்கிறது.

இனி எழுதாதே.

மெஹ்னாஸ்

---

பம்மல்
15 செப்டம்பர் 2024

யூனிஸ்,

எழுதாதே என்றால் உடனே அடக்க ஒடுக்கமாக நிறுத்திக்கொள்வாயா? இரண்டரை மாதமாகத் தபால்காரரைப் பார்த்து எனக்குக் கழுத்து வலி வந்துவிட்டது. அந்த வலிக்கும் ஆஷாவிடம் தனியாகப் பயிற்சி கேட்க வேண்டும்போல.

உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு விஷயம் இருக்கிறது. வேறு யாருக்குச் சொன்னாலும் "அப்படியா" என்று சொல்லிவிட்டுக் குழம்புக்குப் புளி கரைக்கப் போய்விடுகிறார்கள்.

முதல் நாள் ஆஷா இரண்டு தொடையையும் டேப் வைத்து அளந்தாள். இடது தொடை மூன்றரை சென்டிமீட்டர் குறைவு. பட்டறையில் தினமும் டேப்போடு கிடப்பவள் நான், என் தொடையை நான் அளந்ததே இல்லை. இத்தனை காலமும் வலது காலிடமே வேலை வாங்கி, இடதை ஒரு விருந்தாளி மாதிரி கூடவே கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன். பிறகு முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, "தொடைய டைட் பண்ணி துண்ட அமுக்குங்கக்கா" என்றாள். இவ்வளவுதானா என்று சிரித்தேன். அமுக்கினேன். எதுவும் நடக்கவில்லை. வயிறு இறுகுகிறது, பல் கடிபடுகிறது, தோள் ஏறுகிறது, தொடை மட்டும் சும்மா கிடக்கிறது. என் சொந்தக் கால், நான் சொல்வது அதற்குக் கேட்கவில்லை. அழுகை வந்துவிட்டது.

தினமும் காலையில் துண்டைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து அதோடு பேசினேன். கெஞ்சினேன், கெட்ட வார்த்தைகூடச் சொன்னேன். ஒன்பதாம் நாள், முட்டிக்கு மேலே உள்பக்கமாக, தோலுக்கு அடியில் ஒன்று லேசாகத் துள்ளியது. மறுபடி அமுக்கினேன். மறுபடி துள்ளியது. "அம்மா, ஓடியாங்க!" என்று கத்தினேன். அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் தொடைமேல் வைத்தார்கள். "சுப்ஹானல்லாஹ்! நீ வயித்துல மொத மொத அசைஞ்சப்போ இப்படித்தான்டி இருந்துச்சு" என்றார்கள். இரண்டு பேரும் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் எனக்குப் பிரமிப்பாகவே இருக்கிறது. ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்க வேண்டும். முதலில் நாலு விநாடி. இப்போது நாற்பது. நிற்கும்போது பாதத்தைக் கவனித்திருக்கிறாயா? பெருவிரல் அழுத்துகிறது, குதிகால் சரிசெய்கிறது, கணுக்கால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி ஆடி நிற்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இவ்வளவு பேர் உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நான் முதலாளி மாதிரி சும்மா மேலே நின்றுகொண்டிருக்கிறேன். முப்பத்துமூன்று வயது வரை இது தெரியாமலே இருந்திருக்கிறேனே!

மே மாதத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட விழவில்லை. மரத்தைத் தொட்டுச் சொல்கிறேன்.

இப்போது அந்த மூன்று விநாடி. நிறைய யோசித்தேன். அறுந்தது உனக்குத் தெரிந்தது என்றால் எனக்குத் தெரியாதா? வாயை மூடியிருந்தால் அந்த நிமிஷமே நீ விட்டிருப்பாய், அதுவும் எனக்குத் தெரியும். நடுக்கோட்டைத் தொட்டுவிடலாம் என்று பாடிக்கொண்டே இருந்தேன். நீ விடாததும் நான் நிறுத்தாததும் ஒரே புத்திதான். இரண்டு கழுதைகள்.

எழுது.

மெஹ்னாஸ்

---

ஹூப்ளி
2 அக்டோபர் 2024

மெஹ்னாஸ்,

உன் கடிதத்தைப் படித்ததும் வீட்டில் யாருமில்லாத நேரமாகப் பார்த்துக் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்றேன். எனக்கு இரண்டு முட்டியும் நல்ல முட்டி. வேலையோ ஓடுகிற ரயிலில் பெட்டி பெட்டியாக நடந்து டிக்கெட் பார்ப்பது. ஒன்பது விநாடியில் அலமாரிமேல் சாய்ந்தேன். வலது காலிலும் பார்த்தேன். பதினொன்று. நீ நாற்பது என்கிறாய். முதலில் பொய் என்று நினைத்தேன். பிறகு, அந்த வலியிலும் பாட்டை விடாதவள் இதில் ஏன் பொய் சொல்லப் போகிறாள் என்று தோன்றியது.

ஆச்சரியமாக இருக்கிறது. அறுந்தது எப்படி இருக்கும் என்று என் கைக்குத் தெரியும். அந்தக் கால் இப்படித் திரும்பி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ரயில்வே டீமில் ஆடினேன். அதிலும் யார் கணுக்காலையும் பிடிக்கவில்லை. கால் முன்னால் வரும், கை போகாது. கோச் கார்னரிலிருந்து எடுத்துவிட்டார். பிறகு டீமிலிருந்தே எடுத்துவிட்டார்கள். உன் இடத்தையும் சேர்த்து நான் ஆடிக்கொண்டிருக்கிறேன் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை மெஹ்னாஸ். அன்றைக்கு மேட்டில் இரண்டு பேருடைய ஆட்டமும் முடிந்துவிட்டது.

அம்மாவுக்கு என் சலாம் சொல். குழம்பு அடிப்பிடித்ததற்கு நான் பொறுப்பில்லை என்றும் சொல்.

யூனிஸ்

---

பம்மல்
30 நவம்பர் 2024

யூனிஸ்,

அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு வந்தன்னிக்கு நான் பொய் சொன்னது தப்புதான், ஒரு வாட்டி கூட்டினு வா, பிரியாணி போடுறேன்" என்கிறார்கள். நான் உன்னைக் கூப்பிடுவது பிரியாணிக்கு இல்லை.

ஜனவரி 10ஆம் தேதி டாக்டரைப் பார்க்க வேண்டும். தொடை அளவில் இப்போது அரை சென்டிமீட்டர்தான் குறைவு. ஒற்றைக் காலில் படி இறங்குகிறேன். மெத்தென்ற தலையணைமேல் நிற்க வைத்து, இடுப்பில் ரப்பர் பெல்ட் மாட்டி ஆஷா நாலு பக்கமும் இழுக்கிறாள், நான் அசைவதில்லை. பின்னாலிருந்து சொல்லாமல் தள்ளுகிறாள், அதற்கும் அசைவதில்லை. இடுப்புக்குக் கீழே என்னமோ ஆலமரத்தை நட்டுவைத்த மாதிரி இருக்கிறது. பெருமை அடித்துக்கொள்கிறேன், அடித்துக்கொள்ள விடு.

ஆனால் போன வாரம் அவள் குனிந்து என் இடது கணுக்காலைக் கையால் பிடித்தாள். அவ்வளவுதான். இழுக்கக்கூட இல்லை. தொடை முழுக்கக் கல்லாகிவிட்டது, நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அவள் கை கிட்டே வரும்போதே முட்டி ஆட ஆரம்பித்துவிட்டது.

"அக்கா, முட்டி ரெடி. நீங்கதான் ரெடி இல்ல. இதே பயத்தோட வெளிய போனா என்னைக்காவது பஸ்ல ஒருத்தர் கால் தட்டினாலும் விழுந்துடுவீங்க" என்றாள். நான் யார் பிடித்தாலும் உன் கையாகத்தான் தெரிகிறது என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ அவங்களையே வரச் சொல்லுங்களேன்" என்றாள்.

கிறிஸ்துமஸுக்குத் தாம்பரத்தில் உன் அம்மா வீட்டுக்கு வருவாய்தானே? வந்து என் கணுக்காலைப் பிடி.

மெஹ்னாஸ்

---

ஹூப்ளி
9 டிசம்பர் 2024

மெஹ்னாஸ்,

என்னால் முடியாது. வேறு எது கேட்டாலும் செய்கிறேன். டாக்டரிடம் கூட வருகிறேன். ஆபரேஷன் என்றால் ஒரு மாதம் லீவு போட்டு உன் கூடவே ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். என் கையை மட்டும் அங்கே வைக்கச் சொல்லாதே.

அந்த 'டக்' இன்னொரு தடவை என் கைக்கு வந்தால் நான் என்ன செய்வேன் என்று நீ யோசித்தாயா?

யூனிஸ்

---

பம்மல்
16 டிசம்பர் 2024

யூனிஸ்,

யோசித்தேன். விழுந்தால் அது என் முட்டி, உன் கை இல்லை.

28ஆம் தேதி சனிக்கிழமை, மாலை நாலு மணி. பம்மல் மெயின் ரோடு, மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடி, ஆஷாவின் பெயர்ப்பலகை இருக்கும். நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் அங்கே நிற்பேன்.

மெஹ்னாஸ்

---

ஹூப்ளி
4 ஜனவரி 2025

மெஹ்னாஸ்,

28ஆம் தேதி உன் வீட்டில் மூன்று தட்டு பிரியாணி சாப்பிட்டேன், ஊர்க்கதை பேசினேன், ஆனால் சொல்ல வேண்டியதை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வாயால் எனக்கு வராது. எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் கீழே மருந்துக்கடை வாசலில் இருபது நிமிஷம் நின்றேன். திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு ஷேர் ஆட்டோவையும் கை காட்டி நிறுத்திவிட்டேன். "ஏறுறியா இல்லியாம்மா, பேஜார் பண்ணாத" என்று டிரைவர் திட்டினார். அதற்குப் பிறகுதான் மாடி ஏறினேன்.

நீ ரப்பர் விரிப்பின்மேல் நின்றுகொண்டிருந்தாய். குண்டாகியிருந்தாய். தாடையில் தையல் தழும்பு. "வந்துட்டியா" என்று மட்டும் சொன்னாய், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. ஆஷா முதலில் மெதுவாகப் பிடிக்கச் சொன்னாள். நான் குனிந்தேன். கை நடுங்கியது உனக்குத் தெரிந்திருக்கும். உன் காலும் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் அப்படியே நடுங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தோமோ தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக உன் கால் நின்றது. அது நின்ற பிறகுதான் என் கை நின்றது.

பத்து தடவை பிடித்தேன், விட்டேன். பதினோராவது தடவை நீ, "இன்னாடி தடவிக் குடுத்துக்கினு கீற? ஒழுங்கா புடி!" என்று கத்தினாய். ஆஷா சிரித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் பிடித்தேன், பழைய மாதிரி, இரண்டு கையும் கோத்து, மொத்த எடையையும் போட்டு. நீ உடம்பைத் திருப்பினாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த 'டக்' வருவதற்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

அதற்குப் பதிலாக என்ன வந்தது என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ மேலே இருந்தாய். நான் இழுக்க நினைப்பதற்கு முன்னாலேயே உன் கெண்டைக்கால் இறுகியது. பாதம் வழியாகத் தரையைப் பிடித்தது. அங்கிருந்து முட்டிக்கு ஏறி, தொடைக்கு ஏறி, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து திரும்பியது. முட்டி எங்கும் விழாமல் நேராகப் பார்த்தபடி போனது. ஓடுகிற ரயிலில் வாசல் கம்பியைப் பிடித்தால் கையில் வண்டியின் மொத்த பலமும் தெரியும். அப்படி இருந்தது. கையை விடவே தோன்றவில்லை. ஜெபத்தில்கூட எனக்கு அப்படி ஒரு நடுக்கம் வந்ததில்லை.

கண்ணைத் திறந்தபோது விரிப்பின் மறுமுனையில் கிடந்தேன். என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறாய். என் சேலை முழங்கால் பக்கம் கிழிந்திருந்தது. நான் அழுதது வலியில் என்று ஆஷா நினைத்து ஐஸ் கொண்டுவந்தாள்.

பதினான்கு வருஷமாக என் கையில் இருந்த ஒன்று போய்விட்டது. நீதான் எடுத்துக்கொண்டு போனாய்.

யூனிஸ்

---

பம்மல்
19 ஜனவரி 2025

யூனிஸ்,

ஆபரேஷன் இல்லை! டாக்டர் முட்டியை முன்னாலும் பின்னாலும் ஆட்டிப் பார்த்தார், ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லி அளந்தார். அறுந்த நார் அறுந்தபடியே இருக்கிறதாம், அது ஒட்டாதாம். சுற்றியிருக்கும் தசைகள் அதன் வேலையைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்டுவிட்டனவாம். இனி விழவே மாட்டேன் என்று சொல்ல முடியாது, பயிற்சியை விடக் கூடாது, மேட்டில் ஏறிக் கபடி ஆடினால் காலை உடைப்பேன் என்றார். சரி என்றேன். ஸ்கேனில் அந்த இடத்தைக் காட்டினார். ஒன்றுமில்லாத ஒரு சின்னக் கறுப்பு. இதை வைத்துக்கொண்டா உன்னை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு இழுத்தேன் என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் கன்னத்தில் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

உனக்குச் சேலை வாங்கி வைத்திருக்கிறேன். ஈஸ்டருக்கு வரும்போது எடுத்துக்கொள்.

இன்னொன்று. நேற்று பட்டறை முடிந்து பஸ்ஸில் வந்தேன். நல்ல கூட்டம். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்ணோடு தக்காளி விலையைப் பற்றி ஒரே சண்டை, அவர்கள் விடவில்லை, நானும் விடவில்லை. பேசிக்கொண்டே இறங்கி, ரோட்டைக் கடந்து, சந்துக்குள் வந்து, வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக ஒவ்வொரு தடவையும் கம்பியைப் பிடித்து, கீழே பார்த்து, நல்ல காலை முதலில் ஊன்றித்தான் பஸ்ஸைவிட்டு இறங்குவேன். நேற்று எந்தக் காலை முதலில் வைத்தேன் என்று வாசலிலேயே நின்று யோசித்தேன் யூனிஸ். எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை.

மெஹ்னாஸ்